ஓடைத்தெருவுக்கு ஒரு நீச்சல்காரர்

விழுந்தது ஸ்கூட்டி மட்டும்தான். பாண்டீஸ்வரி சமயத்தில் இடது காலை ஊன்றித் தப்பித்துக்கொண்டாள். ஆனால் நெடுங்கரைக் கண்மாய்க் கரையின் களிமண் இருக்கிறதே... ஊன்றிய காலைக் கணுக்காலுக்கு மேல் வாங்கிக்கொண்டு, திருப்பித் தருவதாக இல்லை.

தூறல் நிற்கவில்லை. ஐப்பசித் தூறல். பெய்கிறேன் என்றும் சொல்லாது, போகிறேன் என்றும் சொல்லாது.

அவளுக்கு முப்பது வயது. இரண்டு ஊருக்குக் கிராம நிர்வாக அலுவலர். ஒன்று சொந்தப் பொறுப்பு, இன்னொன்று கூடுதல் பொறுப்பு. சோழவந்தானை ஒட்டிய இந்த நெடுங்கரை, அந்தக் கூடுதல். பொறுப்பேற்றுப் பதினெட்டு நாள்தான் ஆகிறது. வீடு மதுரை சிம்மக்கல்லில். 'பொண்ணு கவர்மெண்ட் உத்தியோகம்' என்று ஆசையாக வருகிற மாப்பிள்ளை வீட்டார், மழைக்காலம் முழுக்க லீவே கிடையாது என்று கேள்விப்பட்டதும் 'கலந்து பேசிச் சொல்றோம்' என்று எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவள் எதிர்பார்ப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆயிற்று.

அலுப்பு... உடம்பில் இல்லை. அதற்கும் உள்ளே எங்கேயோ.

தலையாரி கருப்பு அண்ணனைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை. அப்போதுதான் கைப்பேசியில் இருந்த பட்டியல் ஞாபகம் வந்தது. வெள்ளம் வந்தால் முதலில் ஓடிவர வேண்டிய ஊர்க்காரர்களின் பட்டியல். வருடா வருடம் மழைக்கு முன்னால் தாலுகாவுக்கு அனுப்புவது. ஓடைத்தெரு, வரிசை எண் ஒன்று: ஜெயபாண்டி, நீச்சல் தெரிந்தவர். நாளைக்குப் பேரிடர் ஒத்திகை. எப்படியும் இவரிடம் பேசியாக வேண்டும். ஆபத்துக்குக் கூப்பிடத்தானே பட்டியல்? இதுவும் ஆபத்துதான் என்று எண்ணை அழுத்தினாள்.

கரைக்குக் கீழே, வெற்றிலைக் கொடிக்காலுக்குள் ஒரு போன் மணி அடித்தது.

"ஹலோ... ஜெயபாண்டிங்களா?"

"ஆமா... ஜெயபாண்டிதான்."

குரல் காதிலும் கேட்டது, கரைக்குக் கீழேயும் கேட்டது. அகத்தி மரங்களை விலக்கிக்கொண்டு ஒருவன் மேலே ஏறி வந்தான். தலையில் ஈரத் துண்டு. தோளில் வாழை மட்டையில் சுற்றிய வெற்றிலைக் கட்டு. அவளைப் பார்த்தான், ஸ்கூட்டியைப் பார்த்தான், சேற்றுக்குள் போயிருந்த காலைப் பார்த்தான்.

அந்தக் கண்கள்... சரியாகத் தூங்கி ரொம்ப நாளான கண்கள். ஆனால் ஓரத்தில் ஒரு சிரிப்பு, வெளியே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றது. இமையில் தங்கிய மழைத்துளியை அவன் துடைக்கவில்லை. அவள்தான், ஏனோ, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளம் வந்தாத்தான் கூப்புடுவாக. நீங்க சேத்துக்கே கூப்புட்டீகளே மேடம்..."

"மொதல்ல கால எடுக்க வழி சொல்லுங்க. கேலி அப்புறம் பண்ணலாம்."

"செருப்ப விட்ருங்க. காலு தன்னால வந்துரும்."

"புதுச் செருப்பு."

"அப்பக் கால விட்ருங்க."

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெடுங்கரைக்கு வந்த பதினெட்டு நாளில் முதல் சிரிப்பு. செருப்பைச் சேற்றுக்கே கொடுத்துவிட்டு, அவன் நீட்டிய வெற்றிலைக் கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கையை நீட்டாமல் கட்டை நீட்டினானே என்று அவள் கவனித்தாள். பிடித்திருந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கண்மாயில ஒத்திகை. தாசில்தார் வாராரு. ஓடைத்தெருவுக்கு நீங்கதான் நீச்சல்காரர். கண்டிப்பா வந்திரணும்."

கண்ணோரச் சிரிப்பு அணைந்தது. "கண்டிப்பா வரணுமா?"

"உங்கள நம்பித்தான் இருக்கேன்."

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "வாரேன்" என்றான்.

வீடு போய்ச் சேரும்வரை அந்த 'வாரேன்' அவள் கூடவே வந்தது. நீச்சல் தெரிந்தவன் எதற்கு அப்படித் தயங்கினான்? கூச்சமோ... இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

மறுநாள் கண்மாய்க் கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. தீயணைப்புக்காரர்கள் காற்றடைத்த வளையங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பாண்டீஸ்வரி மைக்கில், "ஓடும் தண்ணீரில் யாரும் இறங்கக்கூடாது. அது அதிகாரியாகவே இருந்தாலும் சரி" என்று படித்தாள். தாசில்தார் தலையாட்டினார். அடுத்து, ஆள் மூழ்குவதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள்.

"இப்போது ஓடைத்தெருவின் முதல்நிலை மீட்பாளர் திரு. ஜெயபாண்டி அவர்கள் நீந்திச் சென்று..." என்று அவள் தொடர்ந்து படித்தாள்.

கூட்டம் சட்டென்று அடங்கியது. யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேற்றைய அந்த ஆள் தண்ணீரில் இறங்கினான். முழங்கால் வரை போனான். இடுப்பு வரை போனான். அப்புறம் நின்றான். குடம் அதன்பாட்டுக்குத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"மேடம்..." என்றான் திரும்பாமலே. "எனக்கு நீச்சல் தெரியாது."

"ஏத்தா, செயபாண்டி செத்து மூணு வருசமாச்சு" என்றாள் கூட்டத்திலிருந்து மாயக்காள். ஓடைத்தெருவில் ஆடு வளர்ப்பவள். "இவன் தம்பிக்காரன் முத்திருளன். யாரப் போயி நீந்தச் சொல்ற நீயி?"

தாசில்தார் பாண்டீஸ்வரியைப் பார்த்தார். பாண்டீஸ்வரி தலையாரியைப் பார்த்தாள். கருப்பு அண்ணன் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "லிஸ்ட்ட அனுப்பும்போது தேதிய மட்டுந்தான் மாத்துவோம், மேடம்..." என்றார். விளக்கம் கேட்டு மெமோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

நாலு மணிக்கு முத்திருளன் அலுவலகத்துக்கு வந்தான். கையில் அவளுடைய செருப்பு. சேற்றிலிருந்து தோண்டி எடுத்து, கழுவிக் காயவைத்திருந்தான்.

"அங்க வைங்க. எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவன் வாசல் ஓரமாகச் செருப்பை வைத்துவிட்டு நின்றான்.

"நாலு ரோட்டுல வண்டி அடிச்சு அண்ணன் செத்து நாப்பது நாளு இருக்கும். வீட்டுல ஆத்தா அழும்னு அவன் பேரையே யாரும் எடுக்குறதில்ல. அப்ப அவன் போனுக்கு ஒரு ஆபீசர் கூப்புட்டு, 'ஜெயபாண்டியா, மழைக்கு ரெடியா இருக்கீகளா'ன்னாரு. சாதாரணமா... உயிரோட இருக்குறவனக் கேக்குற மாதிரி. ஆமான்னுட்டேன். அப்புறம் வருசா வருசம் ஐப்பசியில கூப்புடுவாக. அந்த ஒரு நாளு... அவன் இருக்குற மாதிரி இருக்கும்."

அவனை உட்காரச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஓடைத்தெரு கண்முன்னால் வந்து நின்றது. கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் மறுகால் பாய்ந்து ஓடுவது அந்தத் தெருவை ஒட்டித்தான்.

"அந்த 'ஆமா'வ நம்பி அங்க முப்பத்தொரு வீடு இருக்கு. நூத்திப் பதினாலு பேரு. தண்ணி வந்து, நான் உங்களுக்குப் போன் பண்ணி, நீங்களும் ஆமான்னு சொல்லி... யாரு போயித் தூக்குவா?"

"தப்புத்தான்" என்றான். "ஆனா மேடம், அண்ணன் செத்ததுக்கு விசாரிச்சு ரிப்போர்ட் எழுதுனதும் இதே ஆபீசு. அவன் ரெடியா இருக்கான்னு லிஸ்ட்டு எழுதுனதும் இதே ஆபீசு. ரெண்டும் அந்த ஒரே பீரோவுலதான் இருக்கு."

பதில் இல்லாதபோது கோபம் இரண்டு மடங்காவது உலக வழக்கம். அவளுக்கு மூன்று மடங்கானது.

"நீச்சல் தெரியாட்டிப் போகுது. அந்தத் தெருவுல எந்த வீட்டுல நடக்க முடியாதவங்க இருக்காங்க, எந்த வீட்டுல கைக்குழந்தை இருக்கு... அதாவது தெரியுமா உங்களுக்கு?"

முத்திருளன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பாண்டீஸ்வரி ஜெயபாண்டியின் பெயரைச் சிவப்பு மையில் அடித்தாள். அடித்துவிட்டு வேறு பெயர் தேடினாள். நீந்தத் தெரிந்த பையன்கள் திருப்பூரில் இருந்தார்கள். ஒருவன் துபாயில் இருந்தான். ஊரில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முழங்கால் வலி. வரிசை எண் ஒன்று காலியாகவே கிடந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவனை இரண்டு முறை தூரத்தில் பார்த்தாள். ஓடைத்தெருவில், ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான். வெற்றிலை விற்கிறான் போலிருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனும் திருப்பிக்கொண்டான். அவன் முதலில் திருப்பினானா, தான் முதலில் திருப்பினோமா என்ற ஆராய்ச்சியில் அன்றைய அடங்கல், அதாவது பயிர்க்கணக்கு எழுதும் வேலை அப்படியே நின்றுபோனது.

'மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்...' என்று தோன்றும். 'நீ சொன்னியா?' என்றும் உடனே தோன்றும். இரண்டு பேருக்கும் வீம்பு. வீம்புக்கு வானம் கட்டுப்படுமா? கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

* * *

ஒத்திகை நடந்த பன்னிரண்டாம் நாள் காலை ஆறரை மணி. சிம்மக்கல்லில் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் வைகை இரு கரையையும் தொட்டு ஓடியது. தரைப்பாலத்தில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள்.

கருப்பு அண்ணன் அவளுடைய இன்னொரு ஊரில் மணல் மூட்டைகளோடு போராடிக்கொண்டிருந்தார். அங்கே கரை கசிகிறது, நகர முடியாது என்றார். நெடுங்கரை ஊராட்சி செயலர் கனகலட்சுமியின் போன் அணைந்திருந்தது. பாண்டீஸ்வரியின் கைப்பேசியில் நெடுங்கரைக்காரர்களின் அறுபத்துநாலு எண்கள் இருந்தன. ஒவ்வொன்றாக அழைத்தாள். ஒன்று எடுக்கவில்லை, ஒன்று கிடைக்கவில்லை, ஒன்று 'நான் வெளியூர்ல இருக்கேன் மேடம்' என்றது.

நூற்றிப் பதினாலு பேர். கடைசியில் அந்தச் சிவப்பு மை எண்ணுக்கே வந்தாள்.

ஒரே மணியில் எடுத்தான்.

"முத்திருளனா?" என்றாள்.

அந்த எண்ணுக்கு இதுவரை யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஆமா மேடம்... முத்திருளன்தான்."

"கண்மாய் எப்படி..."

"விடியும்போதே மறுகால் பாஞ்சிருச்சு. இருபத்தாறு வீட்டு ஆளுகளப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாந்தாச்சு. அஞ்சு வீடு பாக்கி. கனகலட்சுமி அக்கா பள்ளிக்கூடத்தத் தொறந்து ஒல வச்சிருக்கு. அதுக்குப் போன்ல சார்ஜ் இல்ல. படுக்கையில கெடந்த பெரியவுக மூணு பேர, கதவக் கழட்டி அதுல வச்சுத் தூக்கியாந்தோம். நெற மாசமா ஒரு பிள்ள இருந்துச்சு. அத நேத்துச் சாயங்காலமே சோழவந்தான் ஆஸ்பத்திரியில விட்டாச்சு."

"இதெல்லாம்... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் அன்னைக்குக் கேட்டீகளே, தெரியுமான்னு. தெரியல மேடம். அதே ஊர்ல பொறந்து வளந்தும் தெரியல. அதான் மறுநாள்ல இருந்து வீடு வீடாப் போயிக் கேட்டேன்."

அப்படியென்றால் வெற்றிலை விற்கவில்லை... பாண்டீஸ்வரி மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் கிளம்பி வாரேன்."

"வராதீக. ரோட்டுல ஓடை ஏறிப் போகுது. நீங்க வந்தா உங்களையும் நான்தான் பாக்கணும். எனக்கு நீச்சல் வேற தெரியாது."

அவள் வைத்துவிட்டாள்.

சோழவந்தான் வரை ஸ்கூட்டி. அங்கே நனைந்த கடை வாசலில் நின்றபோது போன் வந்தது. "அஞ்சு வீடும் வந்தாச்சு. மாயக்கா மட்டும் ஆட்ட விட்டுட்டு வரமாட்டேன்னு கட்டில்ல ஏறி உக்காந்துருச்சு. ஆட்டுக்கும் எடம் உண்டுன்னு சொல்லி மூணாம் வகுப்புல கட்டிருக்கேன். எல்லாரும் பத்திரம். நீங்க அங்கேயே இருங்க."

அவள் அங்கேயே இருந்திருக்கலாம். ஒரு டிராக்டரை மறித்து ஏறினாள்.

ஊர் எல்லையில் டிராக்டர் நின்றுவிட்டது. சாலையின் குறுக்கே ஓடை, கலங்கலாக, முழங்காலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அகலம் இருபதடி இருக்கும். அந்தப் பக்கம், புளியமரத்தில் கயிறு கட்டி, யாரும் ஓடையில் இறங்கிவிடாமல் காவலுக்கு முத்திருளன் நின்றிருந்தான்.

"எறங்காதீக" என்று கத்தினான்.

அவள் இறங்கினாள். ஐந்தாறு எட்டு வரை ஒன்றுமில்லை. நடுவில் வந்ததும் தண்ணீர் காலுக்கடியில் மண்ணை உருவியது. சாய்ந்தாள்... அதற்குள் மரத்தில் கட்டிய கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நீச்சல் தெரியாத அந்த மனிதன் தண்ணீருக்குள் வந்துவிட்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இந்த முறை நீட்டுவதற்கு வெற்றிலைக் கட்டு இல்லை. கரை ஏறும்வரை அவன் விடவில்லை. ஏறிய பிறகும் ஒரு நொடி விடவில்லை. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தான்.

பத்து மணிக்கு ஓடைத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜன்னல் மட்டத்துக்கு ஏறி, ஒரு வீட்டின் பின்சுவரைச் சாய்த்தது. அந்த வீட்டுக்காரர்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாண்டீஸ்வரி ஒவ்வொரு தலையாக எண்ணினாள். நூற்றிப் பதிமூன்று. ஆஸ்பத்திரியில் ஒன்று. இரண்டாவது முறையும் எண்ணினாள். அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதாள்.

கனகலட்சுமி பார்த்துவிட்டாள். கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள். "நம்ம பக்கம் அம்புட்டும் பொழச்சிருச்சு மேடம். பாவம், அவன் கொடிக்காலுதான் போச்சு. விடியக்காலமே போயி அந்த வரப்ப வெட்டி விட்ருந்தா வடிஞ்சிருக்கும். கதவத் தட்டிக்கிட்டே திரிஞ்சான். ரெண்டு நாள் தண்ணி நின்னா கொடி பூராம் அழுகிரும்."

மூன்று மணிக்கு மழை சற்று ஓய்ந்தது. வகுப்பறைகளில் ஜனம் அசந்து படுத்திருந்தது. முத்திருளன் பள்ளிக்கூடப் பின்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் ஊறி வெளுத்திருந்தன. அவள் ஒரு படி மேலே உட்கார்ந்தாள்.

"கொடிக்காலப் பத்திச் சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்க என்ன, தண்ணியத் துப்பட்டாவால தொடைக்கவா போறீக?"

"கோவமா?"

"ஓடுற தண்ணியில எறங்கக்கூடாதுன்னு மைக்குல படிச்சது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் எதுக்கு எறங்குனீக?"

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். கயிறு உரசி உள்ளங்கை சிவந்திருந்தது.

"முப்பத்தொரு கதவத் தட்டுனேன் மேடம்" என்றான். குரல் தாழ்ந்துவிட்டது. "ஓடையில தண்ணி ஏறிக்கிட்டே வருது. ஒரு எடத்துலயும் எனக்குப் பயம் வரல. நீங்க ஓடையில காலு வச்சீக பாருங்க... ரோட்டுல அண்ணன் கெடக்கான்னு சேதி வந்த அன்னைக்கு ஒரு பயம் வந்துச்சு. அதே பயம். இம்புட்டு நாள்ல ரெண்டாவது தடவ." நிறுத்தினான். "அது எதனாலன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உங்கள்ட்ட மறைக்க முடியல. மூணு வருசம் ஒரு பொய்ய வச்சுக்கிட்டே அலுத்துப் போயிட்டேன். நீங்க பதில் சொல்லணும்னு இல்ல."

எங்கேயோ உள்ளே ஒரு ஆடு தும்மியது. பாண்டீஸ்வரி நனைந்த துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குச் சட்டென்று பதில் சொல்கிறவள்...

"எல்லாரும் பத்திரம்னு நீங்க சொல்லிட்டீங்க" என்றாள் மெதுவாக. "டூட்டின்னா நான் சோழவந்தான்லயே நின்னு, மேல ரிப்போர்ட் குடுத்துட்டுத் திரும்பியிருக்கலாம். யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு?"

"நூத்திப் பதினாலு பேரையும் நீங்க பாத்துக்கிட்டீங்க." குரல் உடைந்தது. அவள் அதை மறைக்கவில்லை. "உங்களப் பாக்க அங்க யாருமே இல்லைன்னு தோணுச்சு. அதுக்கப்புறம் என்னால நிக்க முடியல, முத்திருளன்."

அவன் திரும்பிப் பார்த்தான். தூங்காத கண்கள் நிறைந்திருந்தன. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவள் ஒரு படி கீழே இறங்கி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு" என்றாள். "ஆனா வீட்டுக்குப் போக மனசில்ல."

"அப்ப இருங்க" என்றான் அவன்.